சிங்கப்பூர் எஸ்பிளனேட்டுக்குப் போகிறீர்களா?

விடுமுறை வந்துவிட்டால், சிங்கப்பூரிலிருக்கும் மகனையோ மகளையோ பார்த்து வரப் புறப்படும் குடும்பங்கள் இன்று நம் ஊர்களில் ஏராளம். திரும்பி வந்ததும் எங்கெங்கே போனீர்கள் என்று விசாரித்தால் முஸ்தபா சென்டர், பறவைப் பூங்கா, செந்தோசாத் தீவு என்று பட்டியல் நீளும். கடலோரத்தில் முள்முள்ளாய் இரண்டு கூரைகள் கவிழ்ந்திருக்குமே, அதற்குள் போனீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்" என்பார்கள்.

எஸ்பிளனேட் கலையரங்கம் என்பது அதன் பெயர். 2002 அக்டோபர் 12 அன்று திறக்கப்பட்டது. வெயில் உள்ளே சுடாதிருக்கக் கூரை மீது பதித்த 7,000க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள்தாம் அந்த முட்கள். பார்த்த மக்கள் டுரியான் பழம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அதுவே நிலைத்தும் விட்டது.

என் சாச்சா 1978இல் சிங்கப்பூருக்கு ஸஃபர் போனவர். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதினார். அந்தக் கடலோரம் அவருக்குப் புதியதன்று. எஸ்பிளனேட் பூங்காவையொட்டித் திறந்தவெளியில் சாத்தே கடைகள் வரிசையாக இருந்த காலத்தில், சம்பள நாளில் நண்பர்களோடு அங்கே போய் உட்காருவாராம். 1995இல் அந்தக் கடைகள் எடுக்கப்பட்டன. பிறகு பக்கத்தில் இந்தக் கட்டடம் எழும்பியதையும், விளக்குகள் ஏற்றப்பட்டதையும் பார்த்தார். அது திறக்கப்பட்ட பிறகும் நான்காண்டுகள் அங்கே வேலை பார்த்திருக்கிறார். ஒருநாள்கூட உள்ளே நுழைந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "கோட்டுப் போட்டவங்க போற இடம் தம்பி அது. காசும் நிறைய ஆகும்" என்றார்.

இரண்டுமே தவறான எண்ணம். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றபோது, சாச்சாவையும் அழைத்துப் போனேன். அங்கே வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டுகள் வாங்கி வைத்திருந்தார். இசை பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை அறியாதவனல்லன் நான். அந்த விவாதத்தை இங்கே தொடங்கப் போவதில்லை. அங்கே நாடகம் உண்டு, குழந்தைகளுக்கான கதை நிகழ்ச்சிகள் உண்டு. எதற்குப் போவது என்பதை வீட்டில் கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

நிகழ்ச்சி ஏழரை மணிக்கு. நான் செய்த பிழை இங்கேதான். நம் ஊரில் தை, மாசி மாதங்களில் ஆறரை மணிக்கெல்லாம் மஃரிப் தொழுது முடித்துவிடுகிறோம் அல்லவா? அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். சிங்கப்பூரில் மஃரிப் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6.50க்கும் 7.20க்கும் இடையில்தான் வரும். பிப்ரவரியில் 7.20ஐ ஒட்டி வரும். தமிழில் குத்பா நடக்கும் பென்கூலன் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, டாக்ஸி பிடித்துப் போய் இறங்கும்போது மணி 7.45. கதவுகள் மூடியிருந்தன. வாசலில் நின்ற பெண் மிகுந்த பணிவோடு, முதல் இசை முடிந்து இடைவெளி வரும்போதுதான் உள்ளே விட முடியும் என்றார். நிகழ்ச்சி நடுவில் யார் நுழைந்தாலும் மற்றவர்களுக்கு இடைஞ்சல், நியாயம்தானே?

பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கோ வெட்கம். சாச்சா மட்டும் சிரித்தார். "வெளியே நிக்கிறது நமக்குப் புதுசா தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அந்த இருபது நிமிடமும் என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஆகவே வாசகர்களே, நுழைவுச்சீட்டு வாங்குமுன் அந்த மாதத்துத் தொழுகை நேர அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நிகழ்ச்சியென்றால் மஃரிபை நிம்மதியாகத் தொழுதுவிட்டுப் போகலாம். இஷாவைத் திரும்பி வந்து தொழலாம். ஏழரை மணி நிகழ்ச்சி நவம்பரில் ஒத்துவரும், பிப்ரவரியில் வராது. வார இறுதியில் பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. லுஹர் ஒரு மணி வாக்கில் முடிந்துவிடும். அஸர் நான்கு மணியை ஒட்டித் தொடங்கும். ஐந்து, ஐந்தரைக்கு வெளியே வந்தாலும் அஸருக்கு நேரம் தாராளமாக மீதியிருக்கும். பெண்கள் உடன் வந்தால் சுல்தான் பள்ளிவாசலை நினைவில் வையுங்கள். அங்கே அவர்களுக்குத் தனியிடம் உண்டு. பள்ளிவாசலிலிருந்து அரங்கத்துக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். எம்.ஆர்.டி. ரயிலில் வந்தால் எஸ்பிளனேட் நிலையத்தில் இறங்கலாம். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினால் தரைக்கடியிலேயே கடைவீதி வழியாக வெயில் மழை படாமல் நடந்து வந்துவிடலாம்.

உடை பற்றிய அச்சம் வேண்டாம். கோட்டு எவரும் கேட்பதில்லை. கண்ணியமான, துப்புரவான உடை போதும். சாச்சா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத்தான் வந்தார். ஆனால் உள்ளே ஏசி குளிர் கடுமை; முதியவர்களுக்குச் சால்வை ஒன்று அவசியம். இருக்கைகள் அடுக்கடுக்காக மேலேறிச் செல்கின்றன. மேலடுக்கில் கட்டணம் குறைவுதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்திலேயே இடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிள்ளைகளின் வயது வரம்பைக் குறித்திருப்பார்கள். கைக்குழந்தையோடு போய்த் திரும்பி வராதீர்கள். சாப்பாட்டுக் கடைகளில் 'முயிஸ்' எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பின் அமருங்கள். எல்லாக் கடையும் அப்படியன்று.

இடைவெளி வந்தது, உள்ளே போனோம். ஏறத்தாழ 1,600 பேர் அமரக்கூடிய அந்த இசை மண்டபத்தில் ஒருவர் இருமினால்கூடக் கேட்கும் அமைதி. எதிரே 4,740 குழல்கள் கொண்ட ஆர்கன் என்னும் பெருவாத்தியம் சுவரை அடைத்து நிற்கிறது. ஜெர்மனியின் போன் நகரத்துக் கிளைஸ் நிறுவனம் செய்தளித்தது. சாச்சா என் காதோடு கேட்டார்: "வெளியே படகு, பஸ், ஏரோப்ளேன் எல்லாம் போகுதே, சத்தத்தைக் காணோமே?" பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மண்டபம் கட்டடத்தின் மற்றப் பகுதிகளைத் தொடாமல், பெட்டிக்குள் பெட்டியாக, ரப்பர்த் திண்டுகளின் மேல் நிற்கிறதாம். அதனால் பூமியின் அதிர்வு உள்ளே ஏறுவதில்லை. ஒலியமைப்பை வகுத்தவர் ரஸ்ஸல் ஜான்சன் என்ற அமெரிக்கர். மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம். பக்கச் சுவர்களுக்குப் பின்னே கனத்த கதவுகள் கொண்ட காலி அறைகள் இருக்கின்றன. அந்தக் கதவுகளைத் திறந்தால் ஒலி நீண்டு முழங்கும், மூடினால் அடங்கும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஆண்டு முழுவதும் நடப்பவற்றில் பெரும்பகுதி இலவசம்! நீர்க்கரையில் திறந்தவெளி அரங்கு ஒன்றுண்டு. வாசற்கூடத்திலும் மேடை உண்டு. யாரும் போய் உட்காரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கூரைத் தளத்தில் ஏறி மரினா குடாவைப் பார்க்கவும் கட்டணமில்லை. தீபாவளியை ஒட்டி 'கலா உத்சவம்' என்னும் இந்தியக் கலை விழாவும், வேறொரு சமயம் 'பெஸ்தா ராயா' என்னும் மலாய்க் கலை விழாவும் நடக்கின்றன. இவற்றிலும் இலவச நிகழ்ச்சிகள் நிறைய. போகும் மாதத்து நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பார்த்துவிட்டால், ஒரு வெள்ளியும் செலவழிக்காமல் ஒரு மாலையைக் கழித்துவிடலாம்.

இதைச் சாச்சாவிடம் சொன்னபோது, "இலவசமா? அத்தனை வருஷமும் இலவசமா இருந்துச்சா?" என்று இருமுறை கேட்டார். பிறகு பேசவில்லை.

மறுநாள் மாலை வீட்டில் சாச்சாவைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி மணி அடித்தது. பின்னணியில் யாரோ ரெபானா கொட்டும் சத்தம்.

"மஃரிப் தொழுதுட்டுத்தான் வந்தேன் தம்பி. தண்ணிக்கரையில முன்வரிசை கிடைச்சிருக்கு. துண்டைப் போட்டு நாலு இடம் பிடிச்சு வச்சிருக்கேன், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் வா."