இழைமணியில் விழும் துளை

மாணவர்களே, வெயிலில் நெடுநேரம் விளையாடிய சில நாள்களில் தோல் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பே உள்ளே ஒரு வேலை நடந்திருக்கும். புற ஊதாக் கதிரால் மரபணுப் பொருள் மிகவும் சிதைந்த தோல் உயிரணுக்கள் பல, தம்மைத் தாமே அழித்துக்கொண்டிருக்கும். இந்தத் திட்டமிட்ட இறப்புக்கு அப்போப்டோசிஸ் என்று 1972இல் பெயர் சூட்டினார்கள்.

இந்த முடிவு பெரும்பாலும் நிறைவேறும் இடம் இழைமணி, அதாவது மைட்டோகாண்ட்ரியா. உயிரணுவுக்குச் சக்தி தரும் இடம் என்று படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு என்று படம் வரைந்து பெயரும் குறித்திருப்பீர்கள். அந்த இரு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். அங்கே சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் இருக்கிறது. எலக்ட்ரான்களைச் சுமந்து கொடுப்பது அதன் அன்றாட வேலை. அது இல்லையென்றால், நீங்கள் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் உயிரணுவுக்குப் பயன்படாது.

பாக்ஸ் என்பது இன்னொரு புரதம். சாதாரண நாளில் அது இழைமணிக்கு வெளியே, உயிரணுவின் திரவத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். மரபணுப் பொருள் சிதைந்தால் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு, பூமா என்ற புரதத்தை உருவாக்கச் செய்கிறது. (காலணி நிறுவனம் அல்ல!) அதைப் போன்ற புரதங்களின் தூண்டுதலால் பாக்ஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, இழைமணியின் வெளிச்சவ்வுக்குள் நுழைகிறது. ஒன்று நுழைந்தால் போதாது. பல பாக்ஸ் மூலக்கூறுகள் இணை இணையாகச் சேர்ந்து, வளையமாகவும் பிறை வடிவிலும் கூடும்போதுதான் சவ்வில் துளை விழுகிறது.

துளை விழுந்ததும் சைட்டோகுரோம் சி வெளியே கொட்டுகிறது. அது நஞ்சன்று, மூச்சுக்கு உதவிய அதே புரதம்தான். ஆனால், இருக்கக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே அது ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு ஒட்ட, அப்படிப்பட்ட ஏழு சேர்ந்து ஒரு சக்கரமாகின்றன. அந்தச் சக்கரம் காஸ்பேஸ் என்னும் கத்தரிக்கோல் நொதிகளை முடுக்கிவிடுகிறது. உயிரணு உள்ளிருந்தே வெட்டப்பட்டு, சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அக்கம்பக்கத்து உயிரணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன.

அப்படியானால் பாக்ஸை யார் கட்டுப்படுத்துவது? பிசிஎல்-2 என்ற புரதம். அதன் மேற்பரப்பில் ஒரு பள்ளம் உண்டு. பாக்ஸையும் அதைத் தூண்டும் புரதங்களையும் அந்தப் பள்ளத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல காவல்தான், அளவோடு இருந்தால். சில வகை இரத்தப் புற்றுநோய்களில் பிசிஎல்-2 அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறது. அது உயிரணுக்களை வேகமாகப் பிரியச் செய்வதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று 1988இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புற்றுநோய் என்றாலே கட்டுக்கடங்காத உயிரணுப் பிரிவு என்று மட்டும் எண்ணியிருந்த காலம் அது.

வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடிபட்டிருந்த புரதங்கள் விடுபட, இழைமணியில் துளை விழுகிறது. 2016இல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. நாள்பட்ட ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இதைக் கொடுக்கும்போது, மருத்துவர்கள் நாளுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரங்களில் படிப்படியாக 400 மில்லிகிராமுக்கு உயர்த்துகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே முழு அளவு கொடுத்தால், ஒரே நேரத்தில் மடியும் புற்றுநோய் உயிரணுக்களின் கழிவைச் சிறுநீரகம் தாங்காது.