புகையோடு போகும் மின்சாரம்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் வழுதூரில் மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. முதல் அலகின் திறன் 95 மெகாவாட். அதில் எரிவாயு டர்பைன் தருவது 60 மெகாவாட்தான். மீதி, அந்த டர்பைன் கக்கும் புகையின் சூட்டில் நீராவி உண்டாக்கி எடுப்பது. புகையோடு போயிருக்க வேண்டிய சூடு, மொத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கிறது.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் விசைப்படகுகளிலும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகவே போகிறது. படகில் பாய்லருக்கு இடமேது? அங்கே பொருந்தக்கூடியது, சூட்டை நேரடியாக மின்சாரமாக்கும் வெப்பமின் வில்லை.

இதன் தத்துவம் பழையது. 1821-இல் ஜெர்மானிய விஞ்ஞானி சீபெக், இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. அதைக் காந்த விளைவு என்றே அவர் எண்ணினார். ஊசியைத் திருப்பியது உண்மையில் மின்னோட்டம்.

இன்றைய வில்லை நான்கு சென்டிமீட்டர் சதுரம். இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே பிஸ்மத் டெல்லுரைடு துண்டுகள், பெரும்பாலும் 127 ஜோடி, வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சுட, மறுபக்கம் குளிர, துண்டுகளில் உள்ள மின்னூட்டங்கள் குளிர்ந்த பக்கம் நகரும். இரு பக்கத்துக்கும் நூறு டிகிரி வித்தியாசம் இருந்தால், சுமை இணைக்காத நிலையில், சுமார் 5 வோல்ட் காட்டும். இதற்கேற்ற பொருள் கிடைப்பதுதான் கஷ்டம். மின்சாரம் தாராளமாக ஓட வேண்டும், சூடு ஓடக் கூடாது. செம்பில் இரண்டும் சேர்ந்தே ஓடிவிடும். வெப்ப வித்தியாசம் நிற்காது.

உள்ளே போகும் சூட்டில் இந்த வில்லை மின்சாரமாக்குவது சுமார் ஐந்து சதவீதம்தான். வழுதூரில் நீராவியை எடுத்துவிட்டு இதை வைப்பது பெரும் நஷ்டம். ஆனால் இதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் புளூட்டோனியத்தின் சூட்டையும் இதே தத்துவத்தையும் கொண்டுதான் இத்தனை ஆண்டுகள் பேசிக்கொண்டிருக்கின்றன.

கரையில் இதை வைத்தால் குளிர்ந்த பக்கத்தைக் குளிராகவே வைத்திருப்பது பெரும்பாடு. படகைச் சுற்றி கடலே இருக்கிறது. சில வில்லைகள் போதும், எல்இடி விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் பேட்டரி ஏற்றலாம் என்பது என் நம்பிக்கை. தடைகளும் உண்டு: குளிர்விக்கக் கொண்டுவரும் உப்பு நீர் குழாயை அரிக்கும், கரி படிந்தால் சூடு வில்லையை எட்டாது, எளிதில் நொறுங்கக்கூடிய துண்டுகள் இன்ஜின் அதிர்வில் விரிசல் விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும் அந்த 61 நாட்களில் ஒரு புகைக்குழாயில் இதைப் பொருத்தி, அடுத்த தடைக்காலத்தில் கழற்றிப் பார்த்தால் உப்பும் கரியும் எவ்வளவு வேலை காட்டின என்று தெரிந்துவிடும்.