இடுப்பு மூட்டும் இல்லத்தார் கடமையும்

நம் குடும்பங்களில் முதியோர் பலர் இடுப்பு மூட்டு தேய்ந்து நடை குன்றி வாழ்கின்றனர். வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தோரும் உளர். முன்னாளில் இவர்களுட் பலருக்குக் கட்டிலே கதியாயிற்று. இன்று அந்நிலை மாறிவிட்டது.

1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்னும் நிபுணர், பழுதுற்ற மூட்டை அகற்றி, எஃகுத் தலையும் பாலித்தீன் கிண்ணமும் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு முன்னோடியாய் விளங்கியோருள் மும்பையின் டாக்டர் கே. டி. தோலகியா ஒருவர். பிசியோதெரபி எனும் பயிற்சிச் சிகிச்சைக்கும் இந்நகரமே வழிகாட்டிற்று. பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் அதற்கான பள்ளி 1953-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு தோன்றியது.

அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடை திரும்பச் சில மாதங்களாகும். அம்மாதங்கள் இல்லத்தாரின் பொறுப்பு. 'பாவம், அசையாமல் படுத்திருக்கட்டும்' என்று நாம் காட்டும் பரிவே தீங்காகிவிடக்கூடும். படுத்தே கிடந்தால் தசை மெலியும். காலில் இரத்தம் உறையும். படுக்கைப் புண்ணும் வரும். ஆகையினால்தான் பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்கின்றனர்.

தரையில் சம்மணமிட்டு உண்பதும், குந்தி அமரும் கழிப்பிடமும் நம் வழக்கம். தொடக்க வாரங்களில் இவை ஆகா. இடுப்பை மிகுதியாக மடக்கினால் மூட்டு நழுவக்கூடும். எனவே நோயாளி வீடு திரும்புமுன் உயரமான நாற்காலியும் கமோடு நாற்காலியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தாராவியில் ஏணி வைத்த மேல்தளத்தில் உறங்குவோருக்குக் கீழேயே கட்டில் இடுக. மாட்டுங்கா, செம்பூர்க் கட்டடங்களில் படியேறுவோர் நினைவில் கொள்க: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. பயிற்சியாளர் மராத்தியிலோ இந்தியிலோ உரைப்பது தமிழ் மட்டும் அறிந்த பாட்டிக்கு விளங்காது. அவர் விளங்காமலே தலையசைத்து வந்துவிடுவார். ஆகவே வீட்டிலுள்ள படித்த பிள்ளை ஒருவர் உடன் சென்று கேட்டு, பயிற்சிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுக. காலையும் மாலையும் அருகிருந்து செய்விக்க. கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, தாமதியாது வைத்தியரிடம் செல்க. மூச்சுத் திணறினால் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைக.

நம்மை இந்நகருக்குக் கைப்பிடித்து அழைத்து வந்தவர்கள் இம்முதியோர். அவர்கள் மீண்டும் தம் காலால் நடக்கும் வரை உடன் நிற்பது நம் கடமையாகும்.