வலிக்காத வீக்கம்

2019 ஜூலையில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனின் வலது கீழ்த்தாடையிலிருந்து சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு கட்டியை எடுத்தார்கள். அதற்குள் இருந்தவை 526 பற்கள்! பொடிப்பொடியாக இருந்தவற்றிலும் பல்லுக்குரிய தலைப்பகுதி, வேர், எனாமல் எல்லாம் இருந்தன. பிரித்து எண்ணவே மணிக்கணக்கில் ஆனது. மூன்று வயதிலேயே பெற்றோர் கண்ட வீக்கம்தான் அது.

இதற்குப் பெயர் ஒடோன்டோமா. புற்றுநோய் அல்ல. 2014இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பதினேழு வயதுப் பையனுக்கும் இதேபோல் 232 பற்கள் எடுக்கப்பட்டன.

எண்ணிக்கையைப் பார்த்து உலகமே வாய்பிளந்தது. கவனிக்க வேண்டியது வேறொன்று: சென்னை மருத்துவர்கள் தாடையைப் பக்கவாட்டில் உடைக்கவில்லை. மேலிருந்து துளையிட்டு இறங்கினார்கள். அதனால் தாடையைத் திரும்பக் கட்டும் வேலையே வரவில்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அமீலோபிளாஸ்டோமா என்ற இன்னொரு கட்டியும் புற்றுநோயல்லதான். ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். வெறுமனே சுரண்டி எடுத்தால் பல ஆண்டு கழித்தும் திரும்ப வரும். பரவிவிட்டால், சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டத்தான் வேண்டும்.

வெட்டிய இடத்துக்கு எலும்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழிருந்து வருகிறது. உடல் பாரத்தைத் தாங்குவது முன்னெலும்பு. பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை ரத்தக்குழாயோடு எடுத்தாலும் நடக்க முடியும். அதைத் துண்டுகளாக்கி, தாடை வளைவுக்கு ஏற்ப டைட்டானியம் தகட்டில் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். 1989இல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ தாடைக்கு இதைச் செய்துகாட்டியபின் உலகெங்கும் பரவியது. எலும்பு கூடியபின் அதிலேயே இம்ப்ளான்ட் பல்லும் வைக்கலாம்.

வளரும் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல். மறுபக்கத் தாடை வளர, வைத்த எலும்பு அதே வேகத்தில் வளராமல் போகலாம். முகம் கோணினால் பின்னால் மறுபடி சரிசெய்ய வேண்டும். ஆகவே சின்ன வயதில், நீர்க்கட்டி போன்ற வகை என்றால், முடிந்தவரை எலும்பைக் காப்பாற்றவே பார்க்கிறார்கள்.

அதற்குக் கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிய வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு அது எளிதல்ல. ஏற்காட்டிலிருந்து சேலத்து மருத்துவமனைக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். வலிக்காத வீக்கத்துக்காக ஒரு நாள் காபித் தோட்டக் கூலியை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவார்கள்? விழுந்த பால்பல்லின் இடத்தில் வெகுநாளாகப் பல் முளைக்காவிட்டாலும், ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பினாலும், ஆடக்கூடாத பல் ஆடினாலும் முழுத் தாடை எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சில நிமிட வேலைதான்.