அமைதியின் கையில் செல்வக் குழந்தை

பண்டைய கிரேக்கர்கள் கண்ணுக்குப் புலப்படாத கருத்துகளுக்கும் உருவம் கொடுத்தனர். விளைச்சலுக்குரிய தெய்வமாக டிமீட்டரை வணங்கினர். நகரத்தின் நல்லூழைக் காப்பவள் டைக்கி. அவள் தலையில் கோட்டைமதில் வடிவில் ஒரு கிரீடம் இருக்கும். அமைதியின் தெய்வம் ஐரீனி.

இவர்களுள் ஐரீனியின் வழிபாடு ஏதென்ஸ் நகரம் பட்ட துன்பத்தோடு தொடர்புடையது. கி.மு. 431ஆம் ஆண்டில் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே பெரும்போர் மூண்டது. ஸ்பார்ட்டாவின் படையினர் ஏதென்சைச் சூழ்ந்த வயல்களைப் பாழாக்கினர். உழவர்கள் நிலத்தை விட்டு நகர மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தனர். மக்கள் நெருக்கம் மிகுந்த நகரில் கொள்ளைநோய் பரவிப் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. கருங்கடல் பகுதியிலிருந்து கப்பலில் வந்த தானியமே மக்களின் பசியைத் தீர்த்தது. கி.மு. 405இல் எதிரிகள் அக்கடல்வழியையும் அடைத்தனர். பசியால் வாடிய ஏதென்ஸ் அடுத்த ஆண்டு பணிந்தது.

அதன் பின்னரும் போர்கள் ஓயவில்லை. கி.மு. 375ஆம் ஆண்டளவில் ஸ்பார்ட்டாவுடன் ஓர் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. ஏதென்ஸ் மக்கள் ஐரீனிக்கு ஆண்டுதோறும் வழிபாடு நடத்தத் தொடங்கினர். கெஃபிசோடோட்டஸ் என்னும் சிற்பி அவளுக்கு ஒரு வெண்கலச் சிலை வடித்தார். அது மக்கள் கூடும் சந்தைவெளியில் நிறுவப்பட்டது.

அச்சிலையில் ஐரீனி ஒரு குழந்தையை இடக்கையில் ஏந்தி நிற்கிறாள். குழந்தையின் பெயர் புளூட்டோஸ்; ‘செல்வம்’ என்பது அதன் பொருள். பழைய கதைகளின்படி அவன் டிமீட்டரின் மகன். சிற்பியோ அவனை ஐரீனியின் கையில் ஒப்படைத்தார். செல்வத்தை ஈன்றவள் நிலத்தின் விளைச்சலாக இருக்கலாம். ஆனால், அதைப் பேணி வளர்ப்பவள் அமைதியே என்பது சிலை உணர்த்தும் கருத்து. பின்னாளில் அதைக் கண்ட பயண எழுத்தாளர் பௌசானியாஸ், அக்கருத்தைப் பாராட்டியுள்ளார்.

அந்த உடன்பாடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. வெண்கலச் சிலையும் இன்று இல்லை. ஆயினும், ரோமானியர் காலத்தில் பளிங்கில் செய்யப்பட்ட அதன் படி ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் தாய் தலைசாய்த்துக் குழந்தையை நோக்குகிறாள். குழந்தை அவளை நோக்கிக் கையை நீட்டுகிறது. தாங்கும் கை தளர்ந்தால் குழந்தை விழுந்துவிடும். போரில் வயலையும் உணவையும் இழந்த மக்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.