கரை தெரியாத ஒரு நாள்

ஆட்டம், பாட்டம், பறந்துபோன தொப்பி, ஒளித்துவைத்த கெட்டில்: உல்லாசக் கப்பலில் சங்கடங்கள் சின்னதாகவே முடிவது அதிர்ஷ்டத்தால் அல்ல

காலை 6 மணி. மும்பையிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கரை கண்ணில் இல்லை. நாளை காலை வரை வரப்போவதும் இல்லை. இறங்குவதற்கு ஊர் கிடையாது, பார்ப்பதற்குக் கோயில் கிடையாது, பிடிப்பதற்கு பஸ் கிடையாது. கப்பல்காரர்கள் 'கடல் நாள்' என்று அழைக்கும் இந்தப் பகலை எப்படிக் கழிப்பது? கவலை வேண்டாம். முந்தைய இரவே நிகழ்ச்சி நிரல் அறைக்கு வந்துவிடும், அச்சிட்ட தாளாகவோ செல்போனிலோ. யோகா, நடன வகுப்பு, வினாடி வினா, தம்போலா, அந்தாக்ஷரி. சும்மா இருப்பதற்காகப் பணம் கட்டியவர்கள் மணிக்கு மணி ஓடுகிறார்கள்.

டவலை மடித்து மிருகங்கள் செய்யக் கற்றுத்தரும் வகுப்புக்குத் தனி மவுசு. ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிய கைகள் யானைக்குத் தும்பிக்கை இழுத்துவிடப் போராடுகின்றன. பக்கத்திலேயே ரம்மி ஜமா. நீச்சல் குளத்தருகே சல்சா கற்கும் தம்பதிகள் முப்பது வருட இல்லறத்தில் முதல் தடவையாக ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள்.

இந்தியர்களுக்கு இந்த வகை விடுமுறை புதிதுதான். 2019இல் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய ஜலேஷ் நிறுவனத்தின் 'கர்ணிகா' கோவிட் காலத்தைத் தாண்டவில்லை. 2020இல் நிறுவனம் மூடப்பட்டது. கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போனது. அடுத்து 2021 செப்டம்பரில் வந்தது கார்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. 1990இல் பிரான்ஸில் கட்டப்பட்ட, 211 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பல் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே திட்டமிடப்பட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் கிளம்பியது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அரபிக் கடல் உல்லாசத்துக்கு ஏற்றதல்ல.

எந்தக் கப்பலானாலும் கடல் நாளின் சங்கடங்கள் ஒரே ரகம். கைப்பிடிக் கம்பி அருகே போட்டோவுக்கு நிற்பவரின் தொப்பியைக் காற்று கொண்டுபோகிறது. நீண்ட நடைவழிகள் ஒன்றுபோலவே இருப்பதால் யாரோ ஒருவர் வேறு தளத்தில், தன் அறைக்கு நேர் மேலே இருக்கும் அறையைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்போன்தான் விலை உயர்ந்த விபத்து. கரையின் சிக்னல் மறைந்ததும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளலாம். அணைத்துவைக்க மறந்தவருக்கு அதன் கட்டணம் வீடு திரும்பிய பிறகு பில்லாக வந்து சேரும். இவை எல்லாம் பின்னால் சொல்லிச் சிரிக்கத்தக்கவை.

சிரிக்க முடியாதவையும் உண்டு. ஏறும்போதே பெட்டிகளைச் சோதித்து, கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தெப்லாவும் ஊறுகாயும் கொண்டுவந்த குடும்பங்களுக்கு டீ போட ஒரு கெட்டில் கூடாதா என்று எரிச்சல். காலை பூஜைக்குக் கற்பூரம் ஏற்ற முடியாத பாட்டிக்கு வருத்தம். சிலர் துணிகளுக்கு நடுவே ஒளித்து உள்ளே கொண்டுபோய்விட்டதைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தச் சாமர்த்தியத்தின் விலை தெரிய 2006 மார்ச்சுக்குப் போக வேண்டும். கரீபியன் கடலில் ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றியது. அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றது விசாரணை. பால்கனிகளில் இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளும் நாற்காலிகளும் தீயை அறைக்கு அறை கடத்தின. பயணி ஒருவர் உயிரிழந்தார். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. மாலுமிகளே தீயணைப்புப் படை.

பயணிகள் முகம் சுளிக்கும் இன்னொரு சடங்கு, ஆபத்துக் கால ஒத்திகை. ஏழு குறுகிய சங்கொலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பாகவோ கிளம்பியவுடனோ சொல்லித்தர வேண்டும். பஃபே திறக்கும் நேரத்தில் இது எதற்கு என்று முணுமுணுப்பார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் உருவான சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்தான் இந்த விதிகளின் மூலம். ஆனால் அண்மைக்காலம் வரை புதிதாக ஏறியவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்ற சலுகை இருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்த 'கோஸ்டா கான்கார்டியா'வில், சில மணி நேரம் முன்பு ஏறிய அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒத்திகையே பார்த்திருக்கவில்லை. அந்த விபத்தில் 32 பேர் இறந்தார்கள். சலுகை 2015 முதல் எடுக்கப்பட்டது.

மதிய உணவுக்குப் பிறகு கப்பல் லேசாக ஆடத் தொடங்குகிறது. குளத்துத் தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்ந்து சாய்ந்து தளும்புகிறது. கப்பலின் இருபுறமும் நீர்மட்டத்துக்குக் கீழே மீன் துடுப்புபோல நீட்டிக்கொள்ளும் தகடுகள் ஆட்டத்தைக் குறைக்கின்றன, முழுவதும் நிறுத்துவதில்லை. தலைசுற்றல்காரர்களுக்கு அனுபவஸ்தர்களின் வைத்தியம்: இஞ்சி, காற்றோட்டம், தொடுவானத்தில் பார்வை. ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் இடம் கீழ்த்தளங்களின் நடுப்பகுதி. அதிகக் காசு கொடுத்து உயரத்தில், முன்பக்கத்தில் அறை எடுத்தவர்களுக்குத்தான் ஊஞ்சல் பலமாக ஆடும்.

ஆனால் வயிற்றுக் கோளாறு எல்லாமே ஆட்டத்தால் வருவதல்ல. நோரோ வைரஸ் நுழைந்தால் மூடிய கப்பலில் அதற்கு விருந்துதான். மிகச் சில கிருமிகளே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கிவிடும். கையில் தேய்க்கும் சானிட்டைசர் இதற்கு அவ்வளவாகப் பயன்படாது, சோப்பும் தண்ணீரும்தான் கை கொடுக்கும். பஃபே வாசலில் கை கழுவச் சொல்லி ஊழியர் மன்றாடுவது இதனால்தான். கப்பல் டாக்டரிடம் போனால் அறையை விட்டு வெளியே விடமாட்டார்கள் என்று பயந்து, நோயை மறைத்துத் தம்போலாவுக்குப் போகிறவர்தான் அந்த நாளின் மிகப் பெரிய ஆபத்து.

பயணிகளின் கடல் நாள், ஊழியர்களுக்கு மிகக் கடினமான நாள். யாரும் இறங்காததால் குளம், உணவுக்கூடம், கழிவறை எல்லாம் பகல் முழுக்க நிரம்பியிருக்கும். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். 2013இல் அமலுக்கு வந்த இந்த ஒப்பந்தத்தை இந்தியா 2015இல் ஏற்றது. கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. அந்த 10 மணி ஓய்வையும் இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். உலகெங்கும் இந்த வேலையில் இந்தியர்கள் நிறைய. கோவாவில் கப்பல் வேலை தலைமுறைகளாகத் தொடரும் தொழில். காலையில் பயணிகள் கற்றுக்கொள்ளத் திணறிய டவல் யானையை, அறை ஊழியர் இரவில் இன்னொரு கட்டிலை நோக்கி ஓடுவதற்கு முன் சில நொடிகளில் மடித்து வைத்துவிடுகிறார்.

நள்ளிரவில் ஆட்டபாட்டம் அடங்கிய பிறகும் இன்ஜின் அறையும் மாலுமி மேடையும் தூங்குவதில்லை. விடிந்ததும் லட்சத்தீவு. பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது; சிறு படகுகளில் மாறிப் போக வேண்டும். அலையில் படகு ஏறி இறங்குகிறது. ஒவ்வொருவரும் தாண்டும்போது மாலுமி ஒருவர் அவருடைய முழங்கையை இறுகப் பிடித்து, சரியான நொடிக்குக் காத்திருந்து, படகுக்குள் இறக்கிவிடுகிறார். பலர் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஊர் திரும்பியதும் எல்லோரும் தொப்பி பறந்த கதையைத்தான் சொல்வார்கள். அதைவிடப் பெரிதாகச் சொல்ல எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தக் கப்பலின் அன்றைய வேலை.