டிரைவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்: வின்யூஎஸ்பி எப்படி வேலை செய்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப் போறது உங்க விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ள சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கிற ஒரு டிரைவரைப் பத்தி. பேரு வின்யூஎஸ்பி.

நீங்கள் ஆண்ட்ராய்ட் ஆப் எழுதுகிறவராக இருந்தால், இதை ஏற்கெனவே பயன்படுத்தியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. போனை விண்டோஸில் செருகி டீபக் செய்ய கூகுள் யூஎஸ்பி டிரைவர் என்று ஒன்றை டவுன்லோட் செய்யச் சொல்வார்கள் இல்லையா? அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்க. "ஆண்ட்ராய்ட் வின்யூஎஸ்பி" என்ற பெயரில் ஒரு ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும். கூகுள் பெரிதாக ஏதோ டிரைவர் எழுதியிருக்கிறது என்று நினைப்போம். அந்த ஃபைல் விண்டோஸிடம் சொல்வது இவ்வளவுதான்: "இந்தப் போன் வந்தா, உன்கிட்ட இருக்கிற பொது டிரைவரையே கொடுத்துடு."

பொது டிரைவரா? ஒரு சாதனம் என்ன செய்யும் என்றே தெரியாத டிரைவர் அதை எப்படி ஓட்டும்? இதுதான் இன்றைய கேள்வி. பதில் சுவாரசியமானது. காசு கொடுத்து வாங்கிய பொருள் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது வரைக்கும் அது போகிறது.

முதல் கேள்வி: நீ யாரு?

யூஎஸ்பி 1996-ல் வந்தது. அதற்கு முன்பு பிரிண்டருக்கு ஒரு போர்ட், மவுஸுக்கு ஒரு போர்ட், மோடத்துக்கு ஒரு போர்ட் என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் முழுக்க விதவிதமான ஓட்டைகள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஓட்டையில் செருகலாம் என்றால், வந்திருப்பது யார் என்று கம்ப்யூட்டர் விசாரித்தாக வேண்டும். செருகியவுடன் நடப்பது அந்த விசாரணைதான். சாதனம் தன்னைப் பற்றிய குறிப்புகளை அனுப்புகிறது. இதற்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர்.

அதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது அடையாள எண்கள்: தயாரித்த கம்பெனிக்கு ஒன்று, அந்த மாடலுக்கு ஒன்று. இரண்டாவது கிளாஸ், அதாவது எந்த வகைச் சாதனம் என்பது. மூன்றாவது எண்ட்பாயிண்ட். சாதனத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் தகவல் ஓடுகிற குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குழாய், எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்ற விவரம் அங்கே இருக்கும்.

வகை தெரிந்துவிட்டால் வேலை சுலபம். பென்டிரைவை எந்தக் கம்பெனி செய்தாலும் அது பேசும் பாஷை ஒன்றுதான். அந்தப் பாஷை தெரிந்த டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. கீபோர்ட், மவுஸ், ஹெட்செட் எல்லாவற்றுக்கும் இதே கதை.

சிக்கல் எங்கே வருது? இந்தப் பட்டியலில் அடங்காத சாதனங்களில். லேபில் இருக்கும் ஆஸிலாஸ்கோப், சிப்பில் புரோகிராம் ஏற்றும் டீபக்கர், ஒரு காலேஜ் புராஜெக்டுக்காக நீங்களே செய்த சென்சார் போர்டு. இவை வகை எண்ணுக்கான இடத்தில் "எஃப்எஃப்" என்று போடும். "நான் எந்தக் கூட்டத்தையும் சேர்ந்தவன் இல்லை, என் பாஷை என்னைச் செஞ்சவங்களுக்குத்தான் தெரியும்" என்று அர்த்தம்.

மொழிபெயர்ப்பாளரும் போஸ்ட்மேனும்

பழைய முறையில், அந்தக் கம்பெனியே ஒரு டிரைவர் எழுதித் தர வேண்டும். அது மொழிபெயர்ப்பாளர் மாதிரி. சாதனத்தின் பாஷையும் தெரியும், விண்டோஸின் பாஷையும் தெரியும். நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொல்லும்.

வின்யூஎஸ்பி ஒரு போஸ்ட்மேன். கவரைப் பிரித்துப் படிக்க மாட்டார். எந்த முகவரி என்று மட்டும் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா, பேங்க் நோட்டீஸா என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். கடிதம் எழுதியவருக்கும் வாங்குபவருக்கும் பாஷை தெரிந்தால் போதும்.

அதாவது, சாதனத்தின் பாஷை தெரிய வேண்டிய பொறுப்பு டிரைவரை விட்டு ஆப்புக்கு வந்துவிடுகிறது. ஆப் செய்ய வேண்டியது நாலே வேலை: சாதனத்தைத் திற, கட்டளை அனுப்பு, இந்தக் குழாயில் எழுது, அந்தக் குழாயிலிருந்து படி. எழுதும் பைட்டுகளுக்கு என்ன பொருள் என்று வின்யூஎஸ்பி கேட்கவே கேட்காது.

லினக்ஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அங்கே இப்படிக் கூடுதலாக ஒரு டிரைவரைப் பொருத்தவே வேண்டாம். செருகிய ஒவ்வொரு யூஎஸ்பி சாதனமும் ஒரு ஃபைல் மாதிரி தெரியும். அனுமதி இருக்கிற ஆப் நேராகப் பேசிக்கொள்ளலாம். லிப்யூஎஸ்பி என்ற லைப்ரரியை வைத்து ஒருமுறை புரோகிராம் எழுதினால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓட வைக்க முடியும். விண்டோஸில் மட்டும் அது பெரும்பாலும் அடியில் வின்யூஎஸ்பியைத்தான் கூப்பிடும்.

சொந்த டிரைவர் ஏன் காஸ்ட்லி?

"கம்பெனியே எழுதித் தரட்டுமே, என்ன போச்சு?" என்று கேட்கலாம். டிரைவர் ஓடுவது கெர்னலில். ஆப்பில் ஒரு தப்பு நடந்தால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் ஒரு தப்பு நடந்தால் மொத்த மெஷினும் படுத்துவிடும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், ஒரு தவறான அப்டேட்டைப் படித்துத் தடுமாறியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது யூஎஸ்பி விவகாரம் இல்லைதான். ஆனால் கெர்னலுக்குள் யாரை விடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

அதனால்தான் 64 பிட் விஸ்டா காலத்திலிருந்து, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவரை விண்டோஸ் ஏற்பதில்லை. 2016-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்தே வேண்டும். அதற்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன ஹார்டுவேர் டீமுக்கு இது பெரிய சுமை.

இப்போது வாங்கியவர் பக்கத்திலிருந்து பாருங்க. கம்பெனி மூடிவிட்டது. கடைசியாகக் கொடுத்தது 32 பிட் டிரைவர். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. மோட்டார் ஓடுகிறது, லைட் எரிகிறது, ஒரு பாகம்கூடத் தேயவில்லை. ஆனாலும் சாதனம் காயலான் கடைக்குப் போகிறது. மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான்.

போஸ்ட்மேன் முறையில் இந்த ஆபத்து குறைவு. டிரைவரைப் பராமரிப்பது மைக்ரோசாஃப்டின் பொறுப்பு. சாதனத்தின் பாஷை எங்காவது எழுதி வைக்கப்பட்டிருந்தால், யார் வேண்டுமானாலும் புது ஆப் எழுதிக்கொள்ளலாம்.

கேட்டு வாங்கும் சாதனம்

ஆரம்பத்தில் வின்யூஎஸ்பிக்கும் ஒரு ஐஎன்எஃப் ஃபைல் தேவைப்பட்டது. எந்தச் சாதனத்துக்கு இந்த டிரைவர் என்று அதில் எழுதித் தர வேண்டும். 2012-ல் விண்டோஸ் 8 அதையும் தேவையில்லாமல் செய்தது. சாதனம் தன் குறிப்புகளிலேயே மைக்ரோசாஃப்டுக்கென்று ஒரு தனிக் குறிப்பைச் சேர்த்து, "எனக்கு வின்யூஎஸ்பி கொடு" என்று கேட்கலாம். விண்டோஸ் அதைப் படித்து, எதையும் டவுன்லோட் செய்யாமல், தன்னிடம் இருக்கும் டிரைவரைக் கொடுத்துவிடும்.

ஸ்கூல் பிள்ளைகள் புரோகிராமிங் பழகும் பிபிசி மைக்ரோபிட் போர்டு ஒரு நல்ல உதாரணம். குரோமில் மேக்கோட் பக்கத்தைத் திறந்து, போர்டைச் செருகி, கனெக்ட் கொடுத்து, எழுதிய புரோகிராமை பிரவுசரிலிருந்தே போர்டுக்கு அனுப்பலாம். எந்த இன்ஸ்டாலும் கிடையாது. குரோமில் 2017-ல் வந்த வெப்யூஎஸ்பி என்ற வசதி இதைச் செய்கிறது. விண்டோஸில் அதற்குக் கீழே நிற்பது நம்ம போஸ்ட்மேன்தான்.

டிவி டாங்கிள் ரேடியோ ஆன கதை

இந்த முறையின் உண்மையான பலம் தெரிய ஒரு கதை சொல்றேன். ரியல்டெக் கம்பெனியின் ஆர்டிஎல்2832யூ என்ற சிப். ஐரோப்பாவிலும் மற்ற இடங்களிலும் கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக விற்ற விலை குறைந்த யூஎஸ்பி டாங்கிள்களில் இருந்தது. டிவிக்கு சிப்பே சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும். எஃப்எம் கேட்கும்போது மட்டும் அது சோம்பேறி ஆகிவிடும். ஆன்டெனாவில் வந்ததை அப்படியே எண்களாக மாற்றி கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிட்டு, "நீயே பிரிச்சுக்கோ" என்று சொல்லிவிடும்.

2012 வாக்கில் ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் இதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டார்கள். பிரிக்காத சிக்னல் கையில் கிடைத்தால், எஃப்எம் மட்டும் இல்லை, டியூனருக்கு எட்டும் எந்த அலையையும் மென்பொருளாலேயே பிரிக்கலாமே! ஆர்820டி டியூனர் உள்ள டாங்கிளுக்குச் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே பறக்கும் 1,090 மெகாஹெர்ட்ஸ் அதற்குள் வந்துவிடுகிறது. எதைக் கேட்கலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் இதற்குத் தடையாக இருந்தது கம்பெனியின் டிவி டிரைவர். அதற்கு டிவி பாஷை மட்டும்தான் தெரியும். அதை எடுத்துவிட்டு வின்யூஎஸ்பியை வைத்தார்கள். டாங்கிளில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. செய்தவர்கள் கனவிலும் நினைக்காத வேலைக்கு அது தயாராகிவிட்டது.

நீங்களே செய்து பார்க்க

இப்படி டிரைவரை மாற்ற ஸாடிக் என்ற இலவச டூல் இருக்கிறது. டாங்கிளைச் செருகி, ஸாடிக்கைத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் டாங்கிளின் "இன்டர்ஃபேஸ் 0" என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் வின்யூஎஸ்பி இருக்கிறதா என்று பார்த்து ரீப்ளேஸ் டிரைவர் பட்டனை அழுத்துங்கள். முடிஞ்சது.

அவசரப்படாதீங்க, ஒரு எச்சரிக்கை. அதே பட்டியலில் உங்க கீபோர்டும் மவுஸும் இருக்கும். தவறுதலாகக் கீபோர்டுக்கு இதைச் செய்தால் அது செத்துவிடும். பாஷை தெரிந்த டிரைவரைத் துரத்திவிட்டு போஸ்ட்மேனை உட்கார வைத்தால், எழுத்துகளை வாங்கிக்கொள்ள ஆப் எதுவும் இல்லையே. அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன் அடையாள எண்ணைச் சரிபாருங்கள். பழைய நிலைக்குத் திரும்ப, டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து, டிரைவர் மென்பொருளையும் நீக்கும் கட்டத்தை டிக் செய்து, மீண்டும் ஸ்கேன் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. வின்யூஎஸ்பியில் ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் சாதனத்தைத் திறக்க முடியும். இரண்டாவது ஆப் "சாதனம் கிடைக்கவில்லை" என்று அடம்பிடித்தால், முதல் ஆப்பை மூடிவிட்டுப் பாருங்கள்.

திறந்த கதவில் யார் வர்றாங்க?

போஸ்ட்மேன் கவரைப் பிரிக்க மாட்டார் என்பது நல்ல குணம். ஆனால் உள்ளே மிரட்டல் கடிதம் இருந்தாலும் பிரிக்க மாட்டார். 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டினார்கள். யூபிகீ நியோ என்ற பாதுகாப்புச் சாவியைப் போலி வலைப்பக்கங்கள் ஏமாற்ற முடியாது என்பதுதான் அதன் பெருமை. காரணம், எந்தத் தளம் கேட்கிறது என்பதை பிரவுசர் நடுவில் நின்று சரிபார்க்கும். வெப்யூஎஸ்பி வழியாக நேராகச் சாவியோடு பேசினால் அந்தக் காவலைத் தாண்டிவிடலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள். பிறகு குரோம் அந்த வழியை அடைத்தது. பாதுகாப்பு, பிரைவசி காரணங்களைச் சொல்லி மோஸில்லாவும் ஆப்பிளும் வெப்யூஎஸ்பியைத் தங்கள் பிரவுசர்களில் சேர்க்க மறுத்தன.

ஆக, ஒரு வலைப்பக்கம் "உங்கள் யூஎஸ்பி சாதனத்தோடு இணைய அனுமதி தருவீர்களா?" என்று கேட்டால், குக்கீ பாக்ஸை அழுத்துகிற மாதிரி அழுத்தாதீங்க. வீட்டுச் சாவியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து முடிவெடுங்க.

கடைசியா ஒன்று. அடுத்த முறை யூஎஸ்பியில் செருகும் ஒரு விசித்திரமான கருவியை வாங்கப் போனால், விலையும் கேரன்டியும் பார்ப்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க. இதுக்குத் தனி டிரைவர் வேணுமா? இது பேசுற பாஷையை வெளியில் எழுதிக் கொடுத்திருக்காங்களா? முதல் கேள்விக்கு "வேண்டாம்", இரண்டாவதுக்கு "ஆமாம்" என்று வந்தால், கம்பெனி காணாமல் போனாலும் அந்தக் கருவி உங்களோடு இருக்கும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.